முயல்கள் மாறவே இல்லை

போன மாதம் பழைய கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் வேலைக்குச் சேர்ந்தவள். இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு அவள்தான் பயிற்சி வகுப்பு எடுக்கிறாளாம். நல்லா இருக்கீங்களா மேடம், முட்டி வலி எப்படி இருக்கு என்றெல்லாம் விசாரித்துவிட்டு, உங்கள் அனுபவத்தை நான்கு பக்கம் எழுதிக் கொடுங்கள், சின்னவர்களுக்கு உபயோகமாக இருக்கும் என்றாள். எனக்கும் சந்தோஷம்தான். போனை வைக்கப்போகும் நேரத்தில் சிரித்துக்கொண்டே இன்னொன்று சொன்னாள். முதல் நாள் வகுப்பில் முயல் மாறிய கதையைத்தான் சொல்கிறார்களாம். யாரோ ஒரு படிக்காத ஆள் கூண்டு கழுவும்போது இரண்டு முயலை மாற்றி வைத்து, ஒரு பெரிய ஆராய்ச்சியே பாழாய்ப் போனதாம். அதனால்தான் இப்போது ஒவ்வொரு முயலுக்கும் தோலுக்கு அடியில் சிப் வைக்கிறார்களாம்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணைத் திட்டி என்ன பிரயோஜனம்? அவளுக்கு யாரோ சொன்னார்கள், அவள் சொல்கிறாள். எழுதித் தருகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். இதோ எழுதுகிறேன். உபயோகமாக இருக்குமோ என்னவோ, இனிப்பாக இருக்காது.

என்னைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. தர்மபுரிப் பக்கத்துக்காரி. விலங்கியல் படித்தேன். மூன்று வருஷம் ஒரு தடுப்பூசித் தயாரிப்பு இடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவினேன், அப்புறம் ரத்தம் எடுக்கக் கற்றுக்கொண்டேன். கல்யாணமாகி ஓசூருக்கு வந்த பிறகு, தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் இருந்த இந்த சோதனைக்கூடத்தில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்தேன். மற்ற கம்பெனிகள் தங்கள் மருந்தையும் கருவியையும் எங்களிடம் கொடுப்பார்கள். நாங்கள் எலியிலும் முயலிலும் சோதித்து அறிக்கை எழுதித் தருவோம். எனக்கு வாய் அதிகம் என்று அங்கே பெயர். இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் இருக்கும். பெங்களூர் ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று எல்லா இடத்திலும் தோண்டிப்போட்டிருந்த சமயம். வயசான ஆண்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி வீங்கிக்கொள்ளும் அல்லவா, அதை அறுக்காமல் உறைய வைத்தே அழிக்கும் கருவி ஒன்றை ஒரு கம்பெனி செய்துகொண்டிருந்தது. அவர்களுக்கு ஒரு கேள்வி இருந்தது. உடம்புக்குள் இருக்கும் சதையை உறைய வைத்தால் அதன் அணுக்கள் வெடித்து உள்ளே இருக்கும் சரக்கெல்லாம் ரத்தத்தில் கலக்கும். அதுவரை அதைப் பார்த்தே இராத உடம்பு, இது யாரோ அந்நியன் என்று நினைத்து அதற்கு எதிராக ஆன்டிபாடி தயாரிக்க ஆரம்பிக்கும். கிருமிக்கு எதிராகத் தயாரிக்க வேண்டியதைத் தன் சதைக்கு எதிராகவே தயாரித்துக்கொள்ளும். அப்படி நடக்கிறதா, எவ்வளவு நடக்கிறது என்று ஆண் முயல்களில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வேலை இப்படி. முயலுக்கு மயக்க மருந்து கொடுத்து, அடிவயிற்றைத் திறந்து, கட்டைவிரல் பருமனுள்ள பித்தளைக் கம்பி ஒன்றைத் திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்துச் சுரப்பியின் மேல் இரண்டு நிமிஷம் அழுத்த வேண்டும். மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்கள் குடுவையில் வைத்திருப்பார்களே, அதே நைட்ரஜன்தான். அந்தக் கம்பியை ப்ரோப் என்போம். அது பட்ட இடம் வெள்ளையாக உறைந்து, பிறகு இளகும். வயிற்றைத் தைத்துவிடுவோம். பாதி முயல்களுக்கு இப்படி. மீதிப் பாதி கன்ட்ரோல் முயல்கள். அவற்றுக்கும் இதேபோல வயிற்றைத் திறப்போம், இதே கம்பியை இரண்டு நிமிஷம் வைப்போம், ஆனால் குளிராத கம்பி. ஆன்டிபாடி வந்தால் அது குளிரால் வந்ததா, வெறுமனே வயிற்றைக் கிழித்ததால் வந்ததா என்று தெரிய வேண்டாமா, அதற்காக.

பிறகு வாராவாரம் காது நரம்பில் ரத்தம் எடுத்து, அது உறைந்ததும் மேலே தெளிந்து நிற்கும் நீரை, சீரம் என்போம், பிரித்து நான் சோதிப்பேன். ஆட்டு ரத்த அணுக்களின் மேல் முயல் சுரப்பியின் சாற்றைப் பூசி, தட்டில் இருக்கும் சின்னச் சின்னக் குழிகளில் விட்டு, அதோடு சீரத்தைச் சேர்ப்பேன். ஆன்டிபாடி இல்லையென்றால் அணுக்கள் எல்லாம் குழியின் நடுவில் குங்குமப் பொட்டு மாதிரி உட்கார்ந்துவிடும். இருந்தால் ஜமுக்காளம் விரித்த மாதிரி பரவி நிற்கும். ரெண்டு மணி நேரம் தட்டை அசைக்கக்கூடாது, பக்கத்தில் யாராவது கதவைச் சாத்தினாலே எனக்குக் கோபம் வரும்.

கருவி கொடுத்த கம்பெனி ஒரே ஒரு ப்ரோப்தான் கொடுத்திருந்தது. அதனால் ஒரு விதி எழுதி ஒட்டியிருந்தோம். கன்ட்ரோல் முயல்களை முதலில் முடிக்க வேண்டும், அப்புறம்தான் நைட்ரஜன் குடுவையைத் திறக்க வேண்டும். ஏதாவது காரணத்தால் வரிசை மாறினால், ப்ரோப்பை வெதுவெதுப்பான உப்புநீரில் இருபது நிமிஷம் போட்டுவைத்து, துடைத்து, பிறகு தொட வேண்டும். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு முயலுக்கும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் நோட்டில் எழுதுவேன்.

அறுவை செய்தவர் எங்கள் பெரிய டாக்டர். கால்நடை மருத்துவம் படித்தவர், வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். கை அவ்வளவு சுத்தம். அவர் தைத்த தையலை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். "பாருங்கம்மா" என்றுதான் ஆரம்பிப்பார். அந்த மரியாதையெல்லாம் படித்த எங்களுக்கு. கூண்டு கழுவுகிறவர்களுக்கு நேரடியாக ஒரு வார்த்தை கிடையாது. "அவனை அந்த முயலைக் கொண்டுவரச் சொல்லுங்க" என்பார், அவன் எதிரே நின்றுகொண்டிருப்பான்.

அவருக்கு இன்னொரு பழக்கம். சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியில் ராகு காலம் பார்க்காமல் கத்தியைத் தொடமாட்டார். அது அவரவர் நம்பிக்கை, என் வீட்டிலும் பார்ப்பார்கள், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் நான் சொல்லவந்த அந்த நாள் புதன்கிழமை. பன்னிரண்டிலிருந்து ஒன்றரை ராகு காலம். பெங்களூரிலிருந்து வரவேண்டிய நைட்ரஜன் வண்டி, ரோடு வேலையில் மாட்டிக்கொண்டு பத்தே முக்காலுக்குத்தான் வந்து சேர்ந்தது. கடைசிக் குழு, ஆறு முயல்கள். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று, மூன்றும் உறைய வைக்க வேண்டியவை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று, இருபத்துநான்கு மூன்றும் கன்ட்ரோல்.

வண்டிக்காகக் காத்திருந்த நேரத்தில் கன்ட்ரோலை முடித்திருக்கலாம். நான் சொன்னேன். முக்கியமான வேலையை நல்ல நேரத்தில் ஆரம்பிப்போம், கன்ட்ரோல் எப்போது செய்தால் என்ன, அதில் ஒன்றும் நடக்கப்போவதில்லையே என்றார். அவருக்கு அது வேலைக் கணக்கிலேயே சேராது. உறைய வைத்த மூன்றையும் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது முடித்தார். முகத்தில் ஒரு திருப்தி. ப்ரோப்பை உப்புநீரில் போடவில்லை. வழக்கம்போல நைட்ரஜன் குடுவையின் வாயிலேயே சாய்த்து வைத்தார். குளிர்ப் புகை அதன்மேல் வழிந்துகொண்டிருந்தது. மூன்று மணிக்கு அவருக்குப் பெங்களூரில் ஏதோ கூட்டம். இருபத்திரண்டாம் முயலின் வயிற்றைத் திறந்ததும், ப்ரோப்பை எடுத்து பஞ்சுத்துணியால் ஒரு துடை துடைத்து, சுரப்பியின் மேல் வைத்தார்.

கம்பியைச் சுற்றி அரிசி மாவு சிந்தின மாதிரி ஒரு வெள்ளை விளிம்பு வந்தது. நான் பார்த்தேன். சார் என்று வாயைத் திறந்தேன். "டைம் எழுதுங்கம்மா" என்றார். எழுதினேன். எழுதினதோடு சரி. இருபத்துமூன்றுக்கும் அதே கதை. வாய் அதிகம் என்று பெயர் வாங்கின நான் அன்றைக்கு அந்த வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதை இங்கே எழுதாமல் மற்றவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

அடுத்த முயலைக் கொண்டுவந்தவன் முனிராஜு. பாகலூர்க்காரன். அப்போது நாற்பது வயசு இருக்கும். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களிடம் தமிழ். ஆறு வருஷமாக ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தான். நிரந்தரம் ஆகப்போகிறவர்கள் பட்டியலில் அந்த வருஷம்தான் அவன் பேர் வந்திருந்தது. குடுவையைத் திறந்தபடி வைத்திருந்தால் நைட்ரஜன் வீணாகும் என்று அவன்தான் அதை மூடிப் பக்கத்து அறைக்கு எடுத்துப்போனான். ப்ரோப் மேஜைமேல் சும்மா கிடந்தது. இருபத்துநான்காம் முயலின் தையல் ஊசி வர நேரமாகி, அதை ஆரம்பிக்க அரை மணி ஆகிவிட்டது. அதற்குள் கம்பி சூடேறிவிட்டது.

பதினாலாம் நாள் தட்டைப் பார்க்கிறேன். உறைய வைத்த மூன்றும் ஜமுக்காளம், எதிர்பார்த்ததுதான். இருபத்துநான்கு பொட்டு, அதுவும் சரி. இருபத்திரண்டும் இருபத்துமூன்றும் விரிந்து கிடக்கின்றன. மறுபடி ரத்தம் எடுத்து மூன்று தடவை செய்தேன். மாறவில்லை. முந்தைய குழுக்களில் ஒரு கன்ட்ரோல் முயலுக்குக்கூட இப்படி வந்ததில்லை.

டாக்டரிடம் தட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அன்றைக்கு ப்ரோப் குளிர்ந்திருந்தது சார், நோட்டில் நேரம் இருக்கிறது, இருபத்தொன்று முடிந்த ஆறாம் நிமிஷம் இருபத்திரண்டைத் தொட்டிருக்கிறோம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, பாருங்கம்மா, கூண்டு கழுவும்போது மாறியிருக்கும், அவனைக் கூப்பிடுங்க என்றார்.

அட, கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா? உறைய வைத்த முயலும் கன்ட்ரோல் முயலும் இடம் மாறியிருந்தால், இந்தப் பக்கம் இரண்டு கூடினால் அந்தப் பக்கம் இரண்டு குறையவேண்டும். அந்தப் பக்கம் மூன்றும் முழுசாக இருக்கிறதே! எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற கணக்கு. அதைச் சொன்னேன். ஒரே முயலிடம் இரண்டு தடவை ரத்தம் எடுத்திருப்பீர்கள் என்றார். எடுத்தது நான்தானே சார் என்றேன்.

முனிராஜு வந்து நின்றான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக டாக்டர் அவனிடம் நேரடியாகப் பேசினார்.

"மாத்தி வச்சிட்ட, அப்படித்தானே?"

"இல்ல சார். காதுல நம்பர் குத்தியிருக்கு சார். வந்து பாருங்க சார்."

முயல் வந்த அன்றே காதின் உள்பக்கம் பச்சை குத்தி எண் போடுவோம். கூண்டு மாறலாம், அட்டை மாறலாம், காது எப்படி மாறும்? முயல் அறை அந்த மேஜையிலிருந்து முப்பது அடி. டாக்டர் எழுந்திருக்கவில்லை. இங்கிலீஷில் அடித்து வைத்திருந்த ஒரு தாளை நகர்த்தி, அன்றைக்கு நீ வேலையில் இருந்தாய் என்று எழுதியிருக்கிறது, கையெழுத்துப் போடு என்றார். நான் எட்டிப் பார்த்தேன். விலங்குகளை இடம் மாற்றி வைத்திருக்கக்கூடும் என்று ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தது. அதை அப்படியே அவனுக்குத் தெலுங்கில் சொன்னேன். அவன் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனான்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நேராக முயல் அறைக்குப் போனேன். இருபத்திரண்டு என்று அட்டை தொங்கின கூண்டைத் திறந்து, முயலை இடுப்பில் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, டாக்டரின் மேஜையில், அவருடைய காகிதங்களுக்கு நடுவில் உட்கார வைத்தேன். காதைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பிடித்தேன். இருபத்திரண்டு. கறுப்பாக, தெளிவாக. பாருங்க சார் என்றேன். அவர் முயலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். சோதனை விலங்கை அதற்குரிய அறையைவிட்டு வெளியே கொண்டுவருவது விதிமீறல் என்றார். அன்று சாயங்காலமே எனக்கு மெமோ வந்தது. அறுவை அறையில் விதியைத் தூக்கிப்போட்டவர் எனக்கு விதியைச் சொல்லிக்கொடுத்தார்.

மறுநாள் முனிராஜுவை வாசலிலேயே ஒப்பந்தக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். டாக்டர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார், போதாதா? பாகலூருக்குச் செய்தி அதற்கு முன்னாலேயே போய்விட்டது. அவன் மச்சானும் அதே ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தான். மருந்து சோதிக்கிற முயலை மாற்றி வைத்து கம்பெனியையே ஏமாற்றிவிட்டானாம் என்று ஊரில் பேசினார்கள். வரைவு அறிக்கையில், பராமரிப்புத் தவறு காரணமாக இரண்டு விலங்குகள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன என்று ஒரு வரி ஏறியது.

எனக்கு வயிறு எரிந்தது ஒரு காரணத்துக்கு மட்டுமில்லை. அந்த இரண்டு முயலும் சொன்ன சேதி எவ்வளவு பெரிசு! முழுசாக உறைய வைக்கவே வேண்டாம், அரைகுறைக் குளிர் இரண்டு நிமிஷம் பட்டாலே உடம்பு தன் சதைக்கு எதிராகத் திரும்பலாம் என்று அல்லவா அவை காட்டின? கருவி செய்கிறவனுக்கு இதைவிட முக்கியமானது என்ன இருக்கிறது? நாளைக்கு ஒரு பெரியவரின் உடம்பில் அந்தக் கம்பி பக்கத்துச் சதையில் லேசாகப் படாதா? சரியாகச் சோதித்து உறுதிப்படுத்தியிருக்க வேண்டியதைக் கழுவித் துடைத்து எறிந்தார்கள்.

அறுவை நோட்டின் பக்கங்களை நகல் எடுத்து, நான் பார்த்த வெள்ளை விளிம்பையும், பார்த்துவிட்டு நான் சும்மா இருந்ததையும் எழுதி, தரப் பிரிவு அதிகாரியிடம் கொடுத்தேன். அன்சாரி என்று பெயர், கிருஷ்ணகிரிக்காரர். அதிகம் பேசமாட்டார். இரண்டு தடவை படித்தார். இந்த முயல்களைத் திட்டப்படி அடுத்த வாரம் எப்படியும் கொன்று பரிசோதிக்கப் போகிறோம் அல்லவா, அன்றைக்கு நானும் நிற்கிறேன் என்றார். வந்து நின்றார். ஒவ்வொரு முயலின் காதையும் அவரே திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மேஜையில் வைக்கச் சொன்னார். இருபத்திரண்டிலும் இருபத்துமூன்றிலும் சுரப்பியின்மேல் காசு அளவுக்குத் தழும்பு இருந்தது. இருபத்துநான்கில் ஒன்றுமே இல்லை, வழுவழுவென்று இருந்தது. டாக்டர் குனிந்து பார்த்தார்.

அறிக்கையைத் திருத்தினார்கள். எப்படித் திருத்தினார்கள் தெரியுமா? செயல்முறை விலகல் காரணமாக இரண்டு விலங்குகள் நீக்கப்பட்டன. அவ்வளவுதான். முனிராஜுவின் தலையில் கட்டினபோது தப்புக்கு ஒரு ஆள் இருந்தான், அவனுக்கு ஒரு பேர் இருந்தது, ஊர் இருந்தது. டாக்டரின் தப்பு என்று ஆனவுடன் அது யாரும் செய்யாத தப்பாகிவிட்டது, தானாக வந்து தானாகப் போன மழை மாதிரி. அடுத்த வருஷம் அவர் பதவி உயர்ந்து பெங்களூருக்குப் போனார். சால்வை போர்த்தினோம். நானும் வரிசையில் நின்று கைதட்டினேன், அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அன்சாரி சார் விடாமல் நிர்வாகத்தில் பேசி, முனிராஜுவைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்வதாக ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தார். நிரந்தர வேலைதான். நானே கொண்டுபோகிறேன் என்று பாகலூர் பஸ் ஏறினேன். அவன் ஒரு ரோஜாப் பண்ணையில் சேர்ந்திருந்தான். பெரிய பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் பூ வெட்டிக்கொண்டிருந்தான். கையெல்லாம் முள் கீறல். வாங்க அக்கா என்று ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னான். ஒப்பந்தக்காரரை விட்டு வந்துவிட்ட அவன் மச்சானும் அங்கேதான் பூக்கட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். இரண்டு பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கடிதம் இங்கிலீஷில் இருந்தது. நான் ஒவ்வொரு வரியாகத் தெலுங்கில் சொன்னேன். இன்ன தேதியிலிருந்து வேலையில் சேரலாம். இன்ன பிரிவு. விதிமுறைகளுக்குக் கட்டுப்பட வேண்டும். கீழே கையெழுத்து. அவன் கவனமாகக் கேட்டான். முடிந்ததும், மச்சானை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டான்.

"என் மேல தப்பு இல்லன்னு எந்த வரியில இருக்கு அக்கா?"

நான் தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இல்லப்பா" என்றேன்.

"அப்ப இவங்க மன்னிச்சு எடுத்துக்கறாங்க. நான் என்ன செஞ்சேன்னு மன்னிக்கறாங்க?"

நான் எவ்வளவோ சொன்னேன். நிரந்தர வேலையப்பா, பிள்ளைகள் படிக்கிறார்கள், வரி கிடக்கட்டும், எல்லோருக்கும் உண்மை தெரியும் என்றேன். யாருக்குத் தெரியும், இவனுக்குத் தெரியுமா என்று மச்சானைக் காட்டினான். அந்த ஒரு வரியை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க, நாளைக்கே வர்றேன் என்றான். கடிதத்தை நாலாக மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு, எனக்கு டீ சொல்லப் போனான். அந்த ஒரு வரிக்காக நான் மூன்று மாதம் அலைந்தேன். அன்சாரி சாரும் அலைந்தார். அப்படி எழுதினால் தப்பு யாருடையது என்று எழுத வேண்டிவரும் என்று நிர்வாகம் மறுத்துவிட்டது. முனிராஜு வரவில்லை. இன்றைக்கும் அதே பண்ணையில்தான் இருக்கிறான்.

திருத்தின அறிக்கை அலமாரியில் தூங்குகிறது. திருத்தாத பொய் இத்தனை வருஷம் வாய் வழியாக நடந்து, பாட வகுப்பு வரைக்கும் வந்து உட்கார்ந்துவிட்டது. அம்மா, வகுப்பு எடுக்கிற மகராசி, நீ கேட்ட அனுபவம் இதுதான். உன் பிள்ளைகளுக்கு முதல் நாள் இதைப் படித்துக் காட்டு. கம்பெனி எழுத மறுத்த வரியை, அந்த நோட்டில் நேரம் எழுதினவள் என்ற முறையில் நான் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்:

இருபத்திரண்டு, இருபத்துமூன்று ஆகிய முயல்களின் விஷயத்தில் பாகலூர் முனிராஜுவின் மேல் எந்தத் தப்பும் இல்லை. தப்பு, குளிர்ந்த ப்ரோப்பை வைத்த டாக்டருடையது. பார்த்துக்கொண்டே நேரம் எழுதின என்னுடையது.